காருக்குக் கூலிங் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்களா?

வீட்டில் காரும் இருந்து, சின்னப் பிள்ளைகளும் இருக்கிற சகோதரிகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் எழுதிய குறிப்புகளைப் படித்துப் பயன் அடைந்திருக்கிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதப்போவது என் கெட்டிக்காரத்தனத்தை அல்ல, நான் செய்த ஒரு தப்பை.

எங்களுக்கு ஊர் கோவில்பட்டி. கரிசல் காட்டு வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வாசல் கதவைத் திறந்தால், ஒரு அடுப்படியில் இருந்து இன்னொரு அடுப்படிக்குள் போகிற மாதிரி இருக்கும். என் மகன் 2022-ல் கடன் போட்டு ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினான். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் அதுதான். மருமகளுக்குத் தாய்வீடு மதுரை. மாசத்துக்கு ஒரு தடவையாவது எல்லோருமாகப் போய் வருவோம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காலையில் பலகாரம் முடித்துக் கிளம்பினால் பத்து மணிக்குள் சம்பந்தி வீட்டில் காபி குடிக்கலாம்.

பேரனுக்கு அப்போது மூன்று வயது. பின் சீட்டில் வலது பக்க ஜன்னல் ஓரம்தான் உட்காருவேன் என்று ஒரே அடம். எதிரே வருகிற லாரிகளை எண்ண வேண்டுமாம். மதுரை போய்ச் சேருவதற்குள் அவனுடைய வலது கன்னம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே கன்னம்தான். மகனுக்கோ வலது கை மட்டும் முழங்கை வரை கறுத்துப் போனது. ஏ.சி. போட்டாலும் பின் சீட்டுக்குக் குளிர்ச்சி வந்து சேருவதற்குள் சாத்தூர் தாண்டிவிடும். அதோடு 2023 தொடக்கத்தில் பேத்தியும் பிறந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் போவது பெரும்பாடாக இருந்தது.

"கண்ணாடிக்குக் கூலிங் ஸ்டிக்கர் ஒட்டிரலாம்மா" என்று மகன் சொன்னான். மதுரை போயிருந்தபோது, கார்களுக்கு அலங்காரச் சாமான் விற்கிற ஒரு கடைக்கு எல்லோருமாகப் போனோம்.

கடைக்காரர் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று நல்ல கறுப்பு. நாலு கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் சேர்த்து 3,500 ரூபாய். இன்னொன்று பார்க்கச் சாதாரணக் கண்ணாடி மாதிரியே இருந்தது. லேசான சாயல் மட்டும்தான். அதற்கு 14,000 ரூபாய் சொன்னார். ஒரு பெட்டிக்குள் சிவப்பு விளக்கை எரியவிட்டு, முன்னால் வெறும் கண்ணாடியை வைத்து, "கையை வச்சுப் பாருங்கம்மா" என்றார். சுட்டது. பிறகு அந்த விலை கூடின பிலிம் ஒட்டிய கண்ணாடியை வைத்தார். ஒன்றுமே சுடவில்லை. மகன் அதிலேயே மயங்கிப் போனான்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "வெள்ளையா இருக்கிறதுக்கு எதுக்குடா பதினாலாயிரம்? கண்ணாடி ஏற்கெனவே வெள்ளையாத்தானே இருக்கு!" என்றேன். கறுப்பு ஒட்டினால் வெயிலும் வராது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது, வழியில் நிறுத்தி மருமகள் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், பயணத்தில் நாலு பேர் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றெல்லாம் எனக்கு யோசனை. மருமகள் மட்டும், "அத்தை, இது ரொம்பக் கறுப்பா இருக்கே" என்று ஒரு தடவை சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இது சட்டப்படி ஒட்டலாமா தம்பி?" என்று கேட்கவும் செய்தேன். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "எல்லாரும் ஒட்டுறாங்கம்மா. பிடிச்சா ஐநூறு ரூபா, அவ்வளவுதான்" என்றார். ஐநூறு ரூபாய்தானே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒட்டுகிற வேலையை நின்று பார்த்தேன். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறார்கள். பிலிமை வெளிப்பக்கம் வைத்து அளவுக்கு வெட்டுகிறார்கள். பின் கண்ணாடி வளைவாக இருப்பதால் அதற்கு மட்டும் சூடு காற்று அடிக்கிற துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டி, பிலிமைச் சுருக்கி வளைவுக்குக் கொண்டுவருகிறார்கள். அப்புறம் பின்னால் இருக்கிற மெல்லிய தாளை உரித்து, உள்பக்கம் ஈரத்தோடு ஒட்டி, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்து எடுக்கிறார்கள். அப்பளம் இடுகிறவளுக்குத் தெரியும், ஓரம் சரியாக வந்தால்தான் எல்லாம் சரியாக வரும். இங்கே அந்த ஓரத்தில்தான் கோளாறு. ரோட்டு ஓரத்தில், லாரிப் புழுதிக்கு நடுவில் வைத்து ஒட்டினார்கள். தூசி உள்ளே அகப்பட்டு, ரவையைத் தூவின மாதிரி அங்கங்கே புள்ளி நின்றது. "நாலு நாள் கண்ணாடியை இறக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் மறந்துபோய் மறுநாளே சுங்கடி வியாபாரியிடம் பேச ஜன்னலை இறக்கிவிட்டேன். மேல் ஓரம் சுருண்டது சுருண்டதுதான். பில் இல்லை, பிலிமுக்கு உத்தரவாத அட்டையும் இல்லை.

முதல் மாசம் சொர்க்கம் மாதிரிதான் இருந்தது. கூச்சம் இல்லை, கண் சுருங்கவில்லை. ஆனால் ஒரு மாசத்துக்குள் இன்னொன்று புரிந்தது. இருட்டாக இருந்ததே தவிர, சூடு பெரிதாகக் குறையவில்லை. ஒரு நாள் பேரன் ஜன்னலில் கன்னத்தை வைத்துவிட்டு "ஆச்சி, சுடுது" என்று கத்தினான். தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது கண்ணாடி.

ராத்திரியில் மழை வந்தால் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாமல், மகன் ஜன்னலை இறக்கி நனைந்துகொண்டே ஓட்டுவான். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்து, துளசி மாடத்தின் மூலையைப் பெயர்த்துவிட்டார். எனக்குக் கோபம் அவர் மேல்தான் வந்தது, கறுப்புக் கண்ணாடி மேல் வரவில்லை. திருநெல்வேலியில் ஒரு தடவை போலீஸ் நிறுத்தி ஐநூறு ரூபாய் அபராதமும் போட்டார்கள். கட்டிவிட்டு வந்தோம். அப்போதும் எடுக்கவில்லை.

2024 மே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட லீவுக்குத் தூத்துக்குடியில் இருந்து மகளும் அவளுடைய இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். தெருக் கோயிலில் கொடை. காலையில் இருந்தே மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. மகன் கறி வாங்கி வந்து, பைகளை எடுத்துக்கொண்டு அவசரமாக வீட்டுக்குள் வந்தவன் காரைப் பூட்ட மறந்துவிட்டான். கார் வேப்பமரத்தடியில்தான் நின்றது. ஆனால் பதினோரு மணிக்கு மர நிழல் நகர்ந்து, பாதி வண்டி வெயிலில் நின்றது.

பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடினார்கள். பேத்திகள் இரண்டு பேரும் அகப்பட்டுவிட்டார்கள். பேரனைக் காணோம்.

முதலில் சிரித்துக்கொண்டுதான் தேடினோம். கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில், குளியலறையில் பார்த்தோம். அப்புறம் சிரிப்பு நின்றது. எனக்கு முதலில் ஓடினது தண்ணீர்த் தொட்டிக்கு. மூடி மூடினபடியே இருந்தது. இருந்தாலும் திறந்து கம்பை விட்டுத் துழாவினேன். அந்த நிமிஷத்தை எழுதும்போதுகூட என் கை நடுங்குகிறது. அவர் கோயில் பக்கம் ஓடினார். மகன் மெயின் ரோட்டுக்கு ஓடினான். மகள் மாடிக்கு, மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க. மைக் செட் சத்தத்தில் நாங்கள் கூப்பிடுவது எங்களுக்கே கேட்கவில்லை.

அந்தக் காரைத் தாண்டி நான் மூன்று தடவை போனேன். ஒரு தடவை நின்று, பின் ஜன்னலில் முகத்தை ஒட்டினாற்போல் வைத்துப் பார்க்கவும் செய்தேன். வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டு. கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. பூட்டிய கார் என்றுதான் நினைப்பு.

நாலாவது தடவை கால் தள்ளாடி, காரின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் கண்ணாடிக்கு மட்டும் பிலிம் ஒட்டவில்லை. அது வழியாக, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாதம் தெரிந்தது.

கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து வந்த அனலை நான் சொல்ல முடியாது. பின் சீட்டுக்குக் கீழே சுருண்டு கிடந்தான். உடம்பு முழுக்க வேர்வை, முகம் தக்காளி மாதிரி. கண் பாதி மூடியிருந்தது. தூக்கி வந்து நிழலில் போட்டு, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறினோம். "ஆச்சி" என்று முனகினான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிமிஷம் உள்ளே இருந்தான்?" என்பது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

கடவுள் புண்ணியத்தில் டிரிப் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பின் கதவுகளுக்குச் சைல்டு லாக் போட்டிருந்தோம். ஓடுகிற வண்டியில் பிள்ளை கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கிற பூட்டு அது. வெளியே இருந்து திறக்கும், உள்ளே இருந்து திறக்காது. உள்ளே போய் கதவைச் சாத்தினவன், தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறான். அழுதும் இருக்கிறான். மைக் செட்டில் யாருக்குக் கேட்கும்?

மூடின கார் வெயிலில் நின்றால், முதல் பத்து நிமிஷத்திலேயே உள்ளே ஏறக்குறைய பத்து டிகிரி கூடிவிடும். ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்போ பெரியவர்கள் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். இதெல்லாம் அன்றைக்கு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்குச் சூடு படக் கூடாது என்று ஒட்டின கறுப்பு, பிள்ளையே கண்ணில் படாமல் செய்துவிட்டது.

மகன் எனக்கு ஆறுதல்தான் சொன்னான். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அன்னைக்கே சொன்னேனே அத்தை" என்று அவள் கேட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால் துண்டு துண்டாக வந்தது. பசை கண்ணாடியிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் மருமகள் தலை காய வைக்கிற டிரையரும் நீள வயரும் எடுத்துக்கொண்டு வந்தாள். "சூடு காட்டினா முழுசா வரும், அத்தை. நீங்க மெதுவா இழுங்க" என்றாள். அவள் சூடு காட்ட, நான் மூலையில் இருந்து பொறுமையாக உரிக்க, வாழை இலைச் சருகு மாதிரி முழுத் தாளாக வந்தது. மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிளாஸ்டிக் கரண்டியின் விளிம்பால் வழித்தோம். பின் கண்ணாடியில் சில கார்களுக்கு மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். பனி படிந்தால் சூடு பண்ணிப் போக்குவதற்கு. அப்படி இருந்தால் பிளேடு போட்டுச் சுரண்டக் கூடாது, கோடு அறுந்துவிடும். ஒரு வருஷத்தில் அந்த கறுப்பு பிலிம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்ததை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தோம். மத்தியானம் வரை இரண்டு பேரும் வேலை பார்த்தோம். எங்களுக்குள் இருந்த இறுக்கமும் அதோடு போயிற்று.

மகனோடு படித்த ஒரு பையன் திருநெல்வேலியில் கார் கண்ணாடி மாற்றுகிற தொழில் செய்கிறான். நடந்ததைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தான். அவன் உட்கார்ந்து விளக்கினதை அப்படியே இங்கே தருகிறேன். கடையில் போய் நிற்கிற பெண்களுக்கு உதவும்.

வெயிலில் மூன்று சமாசாரம் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் சூடு மட்டும் தருகிற அகச்சிவப்புக் கதிர் ஒன்று. தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிர் ஒன்று. சூரியனிடம் இருந்து வருகிற சக்தியில் ஏறக்குறைய பாதி அந்த அகச்சிவப்புதான். மலிவான கறுப்பு பிலிம் என்பது வெறும் சாயம். அது வெளிச்சத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். பிடித்து வைக்கிற சூட்டையும் கண்ணாடிக்கே கொடுத்து, அதில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளேயே விடும். கொடியில் காய்கிற கறுப்புச் சேலையையும் வெள்ளை வேட்டியையும் தொட்டுப் பாருங்கள், புரியும். ஆக, கறுப்பாக இருப்பது வேறு, குளிர்ச்சியாக இருப்பது வேறு. கொஞ்சமும் கறுப்பு இல்லாத செராமிக் பிலிம் சில, கறுப்பைவிட அதிகச் சூட்டைத் தடுக்கும். நான் வேண்டாம் என்று தள்ளின அந்தப் பதினாலாயிரம் ரூபாய் பிலிம் அந்த ரகம்தான்.

ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு வித்தையையும் முழுசாக நம்பக் கூடாதாம். அந்த விளக்கில் வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு. அதை மட்டும் தடுக்கிற பிலிமை வைத்தால் கை சுடாதுதான். வெயில் அந்த விளக்கு மாதிரி இல்லையே, மிச்சப் பாதியும் சூடுதானே! அதனால், "அகச்சிவப்பை 90 சதவீதம் தடுக்கும்" என்று சொன்னால் அதோடு விடாமல், "மொத்த வெயில் சக்தியில் எத்தனை சதவீதம் தடுக்கும்?" என்று கேட்க வேண்டும். அந்த எண் எப்போதும் முதல் எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதுதான் நிஜமான எண்.

புற ஊதாவைப் பற்றி அவன் சொன்னது எனக்குப் புதுசு. காரின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துச் செய்தது. அது புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கத்து ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி. தோலுக்குள் ஆழமாக இறங்குகிற ஒரு வகைப் புற ஊதா அது வழியாக உள்ளே வரும். மகனின் வலது கை கறுத்ததற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவில் 28 வருஷம் வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்ததாம். அங்கே ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருவதால், இடது பாதி முகம் மட்டும் சுருங்கித் தொங்கிப்போய் இருந்ததாம். மகனிடம் சொல்லி, முழுக்கைப் பருத்திச் சட்டை போடாமல் மதுரைக்கு வண்டி எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இனி சட்டம். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி என்ன சொல்கிறது என்றால், முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் 70 சதவீதமாவது உள்ளே விட வேண்டும். பக்கத்துக் கண்ணாடிகள் 50 சதவீதமாவது விட வேண்டும். 2012 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம், கண்ணாடி மேல் எந்தச் சதவீத பிலிமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அபராதம் போடுவதோடு பிலிமைக் கிழித்து எடுக்கவும் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. அபராதம் இப்போது முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய். 2021 ஏப்ரல் 1 முதல் அந்த விதியில் ஒரு மாற்றம் வந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அதைக் காட்டி 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 அளவுக்கு உட்பட்ட தரமான படலம் ஒட்டினவர்களுக்கு அபராதம் போட முடியாது என்று சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டுதான் சில கடைகளில் "இப்ப கறுப்பு ஒட்டலாம்னு கோர்ட்டே சொல்லிருச்சு" என்கிறார்கள். கறுப்பு ஒட்டலாம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. 70-ம் 50-ம் அப்படியேதான் இருக்கின்றன. அதோடு, அது பக்கத்து மாநிலத்துத் தீர்ப்பு. நம்ம ரோட்டில் நிற்கிற போலீஸ்காரர் 2012 தீர்ப்பைக் காட்டினால் நாம் என்ன வக்கீலா, நின்று வாதாட?

இந்தச் சதவீதக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பெனியில் இருந்து வரும்போதே கார் கண்ணாடியில் லேசான பச்சைச் சாயல் இருக்கும். அதுவே கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாவை ஒரு தடவை சலித்து, அதையே இன்னொரு சல்லடையிலும் சலிக்கிற கதைதான். நூறில் 75 பங்கு விடுகிற கண்ணாடி மேல் "50 சதவீத பிலிம்" ஒட்டினால், உள்ளே வருவது 50 இல்லை, 75-ல் பாதி, 37-தான். கடைக்காரர் பிலிமின் எண்ணை மட்டும் சொல்வார். நாம் கண்ணாடியும் பிலிமும் சேர்ந்த எண்ணைக் கேட்க வேண்டும். அதை அளக்கிற சின்ன மீட்டர் நல்ல கடைகளில் இருக்கிறது. அந்தப் பையன் கொண்டுவந்த மீட்டரில் எங்கள் ஜன்னல் 74 காட்டியது. இதன் மேல் 70 சதவீத பிலிம் ஒட்டினாலே 52-க்குத்தான் வரும். பின் கண்ணாடிக்கோ எதையுமே ஒட்ட இடம் இல்லை.

மற்றபடி பிலிம் விஷயத்தில் அவன் சொன்னவை: பேர் போட்ட பில்லும் உத்தரவாத அட்டையும் வாங்காமல் காசு கொடுக்கக் கூடாது. கதவு மூடின, தூசி இல்லாத அறையில் ஒட்டுகிற கடையாகப் பார்க்க வேண்டும். உலோகம் கலந்த பிலிமை முன் கண்ணாடியில் ஒட்டினால் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் சரியாகப் படிக்காமல் போகலாம். ஒட்டின பிறகு அமோனியா சேர்ந்த கண்ணாடி துடைக்கிற திரவம் ஆகாது. இன்னொன்று, ஆபத்து நேரத்தில் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துப் பிள்ளையை எடுக்க வேண்டி வந்தால், பிலிம் ஒட்டின கண்ணாடி நொறுங்கினாலும் கீழே உதிராமல் தாளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கேட்டதும் எனக்கு எந்த பிலிம் மேலும் ஆசை போய்விட்டது.

அப்படியானால் வெயிலுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். நிறுத்தி வைக்கும்போது முன் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளி நிற அட்டை ஒன்றை மடக்கி வைக்கிறோம், ஸ்டியரிங் சுடுவதில்லை. பக்கத்து ஜன்னல்களுக்கு அவருடைய பழைய வேட்டித் துண்டைக் கதவிடுக்கில் கொடுத்துச் சாத்திவிடுகிறோம். கிளம்புமுன் நாலு கதவையும் இரண்டு நிமிஷம் திறந்துவைத்து அனலைப் போகவிட்டு, கொஞ்ச தூரம் ஜன்னலை இறக்கி ஓட்டிவிட்டு, பிறகுதான் ஏ.சி. போடுகிறான் மகன். இப்போது பின் சீட்டுக்குச் சீக்கிரமே குளிர்ச்சி வருகிறது. மருமகள் பேத்திக்குப் பால் கொடுக்க ஒரு பெரிய பருத்தித் துப்பட்டாவே போதுமாக இருந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று. மதுரைக்கு நாங்கள் வடக்குப் பார்த்துப் போகிறோம். காலை வெயில் கிழக்கே, அதாவது வலது பக்கம். சாயங்காலம் தெற்குப் பார்த்துத் திரும்புகிறோம். வெயில் மேற்கே, அப்போதும் வலது பக்கம்! போகும்போதும் வரும்போதும் பேரனை இடது பக்கம் உட்கார வைத்திருந்தால் அந்தக் கன்னம் சிவந்தே இருக்காது. காசு செலவில்லாத இந்த யோசனை ஒரு வருஷமாக எங்கள் ஐந்து பெரிய மண்டைகளில் ஒன்றுக்கும் வரவில்லை. "லாரி தெரியாது" என்று அழுதான். இடது பக்கம் தெரிகிற மாடு, ஆடுகளை எண்ணச் சொல்லி அவர்தான் சமாதானப்படுத்தினார்.

வீட்டுக்குள் வந்ததும் கார் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது இப்போது என் வேலை. சாவி ஆணியில் மாட்டினால்தான் மகனுக்குக் காபி. பேரனுக்கும் ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். காருக்குள் மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்கு ஏறி வந்து ஹாரனை விடாமல் அமுக்க வேண்டும். எங்கள் வண்டியில் சாவி போடாவிட்டாலும் ஹாரன் அடிக்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டோம். உங்கள் காரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, வண்டியில் ஏறும்போதெல்லாம் "ஆச்சி, பாருங்க" என்று ஒரு தடவை அமுக்கிக் காட்டுகிறான். மத்தியானம் தூங்குகிற எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து திட்டுகிறார். நான் பேரனை ஒன்றும் சொல்வதில்லை.

— ஓர் இல்லத்தரசி, கோவில்பட்டி.